பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலை

கேள்வி: பிளாஸ்டிக் குப்பை சேர்த்துப் போடும் தார்ச்சாலை மழைக்குத் தாங்குமா?
– வாசகர், சங்கரன்கோவில்

தாங்கும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் (2018இல் பத்மஸ்ரீ பெற்றவர்) உருவாக்கிய முறையில் பிளாஸ்டிக்கைத் தாரில் கரைப்பதில்லை. சுமார் 160 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய ஜல்லியின் மேல், பொடிப்பொடியாக நறுக்கிய பைகளைத் தூவுகிறார்கள். அவை சீக்கிரமே உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாக மூடிக்கொள்ள, தார் அதன்மேல் இறுகப் பற்றுகிறது. கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுவதால்தான் ஜல்லி பெயர்ந்து குழி விழுகிறது. அந்த வழி இங்கே அடைபடுகிறது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் போதும், அந்த அளவுக்குத் தாரும் மிச்சம். பிவிசி மட்டும் கூடவே கூடாது: சூட்டில் நச்சுப்புகை விடும். சாலையோர வடிகால் சரியாக இருப்பதும் அவசியம். தேங்கிய நீர் அடித்தளத்தையே இளக்கிவிடும்.