தினமும் என்ன போடுவது? சிறு கடைக்காரர்களுக்கான சமூக ஊடக வழிகாட்டி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, முகநூல், டிக்டாக் எல்லாம் திறந்தாச்சு. தினமும் என்னதான் போடுறது?"

நான் பதில் சொல்வதற்குள் மூன்று பேர் வந்து போனார்கள். மல்லிகை நாளைக் காலைவரை தாங்குமா என்றார் ஒருவர். கல்யாண மாலைக்கு எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். ஒரு மலாய்ப் பெண், மணப்பெண் கொண்டையில் சுற்ற மல்லிகைச் சரம் கிடைக்குமா என்று விசாரித்தார். பூக்கட்டும் கையை நிறுத்தாமலே மூவருக்கும் பதில் சொன்னார் அக்கா. அந்த மூன்று பதில்களும்தான் அவருடைய முதல் மூன்று பதிவுகள்.

படி 1: கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரு வாரம் எதையும் பதிவிட வேண்டாம். கடைக்கு வருபவர் கேட்பதையெல்லாம் எழுதுங்கள், அவர் வாயில் வந்த சொல்லிலேயே எழுதுங்கள். "பூவை ஃபிரிட்ஜில வைக்கலாமா அக்கா?" என்று கேட்டால் அப்படியே இருக்கட்டும், "மல்லிகைப் பராமரிப்பு" என்று திருத்தாதீர்கள். டிக்டாக்கில் தேடுபவரும் பேசுகிற மாதிரிதான் தட்டச்சு செய்கிறார். அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். வாரக் கடைசியில் கோடு அதிகம் விழுந்த கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

குறைகளையும் எழுதுங்கள். "போன வாரத்தைவிட விலை ஏன் கூடுதல்?" என்ற கேள்வியைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நோட்டில் இருப்பதிலேயே மதிப்புள்ள கேள்வி அதுதான். திருவிழா நெருங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பூக் கேட்கிறார்கள், தமிழ்நாட்டு மல்லிகை விமானத்தில் வந்து இறங்க வேண்டும் என்று நீங்களே எடுத்துச் சொன்னால் வாடிக்கையாளர் புரிந்துகொள்வார். விலையை மறைக்கும் கடையைவிடக் காரணம் சொல்லும் கடையைத்தான் அவர் நம்புவார்.

படி 2: கையைப் படம் பிடியுங்கள்

முகம் காட்டக் கூச்சமா? கை போதும். மேசைக்கு மேலே கைப்பேசியைச் சாய்த்து வையுங்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்புகளைச் சேர்த்து நாரை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணி போட்டு இழுப்பது. உங்களுக்கு அது அன்றாடம், பார்ப்பவருக்கு வித்தை. முப்பது விநாடி போதும்.

கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானா கடைகளிலும் இதே கதைதான். சேலைக்கு ஃபால் தைக்கும் ஊசி, முறுக்கு உழக்கிலிருந்து எண்ணெயில் விழும் முதல் சுற்று, மசாலா வறுக்கும்போது நிறம் மாறும் அந்த நேரம். தொழிலில் கை எங்கே வேகமாக ஓடுகிறதோ அங்கே கேமராவை வையுங்கள்.

படி 3: நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தீபாவளி வாழ்த்துப் படம் எல்லாக் கடையும் போடும். அன்று யாரும் வாங்க வரப்போவதில்லை. தையல் கடைக்காரர் ரவிக்கைத் துணி எடுப்பதை எந்தத் தேதியில் நிறுத்துவாரோ, அதற்கு மூன்று வாரம் முன்பே பேசத் தொடங்க வேண்டும். தைப்பூசப் பால்குடத்துக்கு மாலை வேண்டுமென்றால் எப்போது சொல்லிவைப்பது என்பதும் அப்படித்தான். ஆடியில் கல்யாணம் குறைவு. அந்த மாதத்தில் ஆவணிக் கல்யாணத்துக்கான மாலை மாதிரிகளைக் காட்டுங்கள். சம்பளம் வரும் மாதக் கடைசியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: தெருவுக்கும் கதை உண்டு

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் நகரத்தைச் செங்கல்லால் கட்டினார்கள். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். லிட்டில் இந்தியாவாக அது அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 2010 அக்டோபரில். அதற்கு முன்பே உங்கள் கடை இருந்ததா? அப்பா காலத்துப் பழைய படம் ஒன்றைத் தேடி எடுங்கள், அதே இடத்தில் நின்று இன்று ஒன்று எடுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

படி 5: போடும் முன் மூன்று விஷயம்

தமிழில் எழுதி, கீழே ஒரு வரி மலாயிலும் எழுதுங்கள். மல்லிகைக்கு "bunga melur" என்று தேடுகிறவரும் உங்கள் வாடிக்கையாளரே. வாடிக்கையாளர் முகம் தெரிந்தால் அனுமதி கேளுங்கள். வணிகக் கணக்கில் சினிமாப் பாட்டைச் சேர்த்தால் அந்தத் தளம் ஒலியை முடக்கிவிடக்கூடும். கடைச் சத்தமே போதும்.

படி 6: அதே நோட்டில் கணக்கு

விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். "அந்த வீடியோ பார்த்துத்தான் வந்தேன்" என்று சொன்னவர் எத்தனை பேர், எந்த வீடியோ என்று எழுதுங்கள். ஞாயிறு இரவு கடையடைத்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, நோட்டைப் புரட்டி, அடுத்த வாரத்துக்கு மூன்று கேள்விகளை மட்டும் வட்டமிடுங்கள்.