கைக்குள் ஒரு மேசைக்கணினி

மேசைக்கணினியை இயக்கும் நுண்செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகிய மூன்றும் நம் திறன்பேசியிலும் உள்ளன. அதில் இல்லாதவை பெரிய திரையும் பத்து விரல்களும் இயங்கத்தக்க விசைப்பலகையுமே. 'டாக்' எனப்படும் இணைப்புக்கருவி அவற்றைத் திறன்பேசியுடன் இணைத்து அதையே கணினியாக்குகிறது. 2011இல் மோட்டோரோலாவின் ஏட்ரிக்ஸ், 2015இல் மைக்ரோசாஃப்டின் கன்டினியூம், 2017இல் சாம்சங்கின் டெக்ஸ் என இம்முயற்சி வளர்ந்தது.

காரைக்காலில் கணினி இல்லாத ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். அங்குத் திறன்பேசியும் எச்.டி.எம்.ஐ. இணைப்புவாய் கொண்ட தொலைக்காட்சியும் இருக்கலாம். இணைப்புக்கருவியும் விசைப்பலகையும் சேர்ந்தால், கட்டைவிரலால் குறுஞ்செய்தி எழுதிய மாணவர் பத்துப் பக்கக் கட்டுரையையும் தட்டச்சு செய்யலாம். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்வரிசைகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன; இரு கைகளும் மாறி மாறி இயங்குவதால் விரைவு கூடுகிறது. புயல்மழையில் மின்தடை ஏற்பட்டால் தொலைக்காட்சித் திரை அணையும். மின்கலத்தால் இயங்கும் திறன்பேசியில் எழுத்துப்பணி தொடரும்.

எனினும் எல்லாத் திறன்பேசிகளும் இதற்கு உதவா. விலை குறைந்த பலவற்றின் 'சி' வகை இணைப்புவாய் மின்னேற்றத்திற்கும் தரவுப் பரிமாற்றத்திற்கும் மட்டுமே உரியது. அதன்வழிக் காட்சி வெளிவராது. ஆகவே, கருவி வாங்குமுன் இவ்வசதி உண்டா என அறிதல் வேண்டும். மேலும், திறன்பேசி தொலைந்தால் கணினியும் தொலையும். எழுதியவற்றுக்கு வேறோரிடத்தில் படி எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

கற்பவை கற்றபின்: உங்கள் இல்லத்துத் திறன்பேசி காட்சியை வெளித்திரைக்கு அனுப்புமா என அறிந்து வகுப்பில் உரையாடுக.