பழைய விண்டோஸ், புது டிசைன் சாஃப்ட்வேர்: ராத்திரி முழுக்க முட்டி மோதுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மூணாவது செமஸ்டர் முடியுற நேரம். என்கிட்ட இருந்தது அண்ணன் படிச்சு முடிச்சுட்டுக் கொடுத்த லேப்டாப். விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம். மினி ப்ராஜெக்ட் டீம்ல மத்த மூணு பேரும் ஆட்டோகேட் 2024 வச்சிருந்தாங்க. என் லேப்டாப்ல செட்டப்பை க்ளிக் பண்ணினா, இந்த இயங்குதளத்தில் இது ஓடாதுன்னு ஒரு பெட்டி வந்து நிக்கும். ரெவ்யூவுக்கு 4 நாள்தான். வீட்ல புது லேப்டாப் கேக்குற நிலைமை இல்ல.

யாரோ சொன்னாங்கன்னு ஒரு டிஎல்எல் ஃபைலை எங்கிருந்தோ இறக்கி, சிஸ்டம்32 ஃபோல்டர்ல போட்டேன். காலைல லேப்டாப்பே பூட் ஆகல. ஃபார்மட் பண்ணினதுல என் பங்கு டிராயிங் மொத்தமும் போச்சு. அதே இடத்துல இன்னைக்கு நீங்க நிக்கிறீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஏன் ஓட மாட்டேங்குது?

எந்த சாஃப்ட்வேரும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஃபைலைத் திறப்பது, திரையில் விண்டோ காட்டுவது போன்றவற்றை இயங்குதளத்தில் உள்ள ஃபங்ஷன்களிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. விண்டோஸ் 7 வந்தது 2009-ல். அதற்குப் பிறகு விண்டோஸ் 8, 10-ல் சேர்ந்த ஃபங்ஷன்கள் அதில் கிடையாது. மெனுவுலயே இல்லாத ஐட்டத்தை ஆர்டர் பண்ற மாதிரிதான். சர்வர் என்ன பண்ணுவார்?

சில சமயம் சிக்கல் சாஃப்ட்வேருக்குள்ளே இருக்கும் இன்னொன்றால் வரும். பிளெண்டர் 2.92 விண்டோஸ் 7-ல் ஓடும், 2.93 ஓடாது. காரணம், 2.93-க்குள் இருக்கும் பைத்தான் 3.9-க்கு மாறியது. விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி பைத்தான் 3.8.

கம்பாட்டிபிலிட்டி மோடு உதவுமா?

பெரும்பாலும் இல்லை. அது முக்கியமாக, பழைய சாஃப்ட்வேரைப் புது விண்டோஸில் ஓட்டுவதற்காக வந்தது. நம்ம கேஸ் தலைகீழ். அது சாஃப்ட்வேரிடம் வேறொரு வெர்ஷன் எண்ணைச் சொல்லும், ஆனால் இல்லாத ஃபங்ஷனைக் கொண்டுவராது. செட்டப் ஃபைலைத் திருத்தி வெர்ஷன் செக்கைத் தாண்டினாலும் அதே கதைதான். இன்ஸ்டால் ஆகும், திறக்கும்போது விழும்.

சரி, என்னதான் பண்றது?

எங்க லேப் அசிஸ்டென்ட் அண்ணா அன்னைக்கு என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, உனக்குப் புது ஆட்டோகேட் வேணுமா, இல்ல அந்த ஃபைல் திறந்தா போதுமா?" எனக்கு ஃபைல் திறந்தா போதும். அங்கிருந்து யோசிச்சா வழி இருக்கு.

1. முதல்ல பேக்கப். டிராயிங் எல்லாத்தையும் பென் டிரைவ்ல காப்பி எடுத்துட்டுத்தான் எதையும் தொடணும். நான் செய்யாத வேலை இது.

2. கம்ப்யூட்டர் ஐகான்ல ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ் போங்க. 64 பிட்டா, சர்வீஸ் பேக் 1 இருக்கா, ரேம் எவ்வளவுன்னு பாருங்க. விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி ஆட்டோகேட் 2020. அதற்கு சர்வீஸ் பேக் 1-உம் 64 பிட்டும் கட்டாயம், ரேம் 8 ஜிபி கேட்கும். 32 பிட் என்றால் 2019-தான் கடைசி. சாலிட்வொர்க்ஸுக்கும் விண்டோஸ் 7-ல் 2020-தான் கடைசி.

3. வந்த ஃபைல் எந்த ஃபார்மட்னு பாருங்க. டிடபிள்யூஜி ஃபைலை நோட்பேட்ல திறந்தா குப்பை மாதிரி தெரியும், ஆனா முதல் ஆறு எழுத்து முக்கியம். ஏசி1032 என்றால் 2018 ஃபார்மட். ஏசி1027 என்றால் 2013 ஃபார்மட். ஆட்டோகேட் 2018-லிருந்து 2024 வரை எல்லாமே அந்த 2018 ஃபார்மட்டில்தான் சேவ் செய்கின்றன. அதாவது 2024-ல் வரைந்ததை 2020 அப்படியே திறக்கும்! உங்ககிட்ட இருப்பது அதைவிடப் பழசு என்றால், நண்பரிடம் சேவ் ஆஸ் கொடுத்து 2013 ஃபார்மட்டில் அனுப்பச் சொல்லுங்க.

4. சாலிட்வொர்க்ஸ் அப்படி இல்லை. புது வெர்ஷனில் சேவ் பண்ணியதைப் பழைய வெர்ஷனில் திறந்து வேலை பார்க்க முடியாது. ஸ்டெப் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வாங்குங்க. வடிவம் சரியாக வரும். ஆனால் ஸ்கெட்ச், ஃபீச்சர் ட்ரீ வராது என்பதால் அளவை மாற்றுவது கஷ்டம். யார் எந்தப் பார்ட்டை வரைவது என்று டீம்ல முதல்லயே பிரிச்சுக்கோங்க.

5. எர்ரர் மெசேஜை முழுசாகப் படிங்க. ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் டிஎல்எல் இல்லை என்று வந்தால், அது சரிசெய்யக்கூடியது. மைக்ரோசாஃப்ட்டின் கேபி2999226 அப்டேட் போட்டால் போதும். கெர்னல்32-ல் ஒரு ஃபங்ஷன் இல்லை என்று வந்தால் அந்த வெர்ஷனை விட்டுடுங்க. அதுக்கு வெளியிலிருந்து டிஎல்எல் இறக்குறது, நான் பண்ணின அதே தப்பு.

6. எதுவும் சரிவரலைனா, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டு அதில் ஃப்ரீகேட் ஓட்டலாம். 4 ஜிபி ரேமில் சின்ன பார்ட்டுகளுக்குத் தாங்கும், ஸ்டெப் ஃபைலை நேரடியாகத் திறக்கும், பைசா செலவில்லை.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 7-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓட நின்னுடுச்சு. அதில் ஓடும் கடைசி குரோம் 109. அதனால அந்த லேப்டாப்பை வரையறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க. பேங்க் வேலையும் கிராக் சாஃப்ட்வேரும் வேண்டவே வேண்டாம்.

என் கதைக்கு வருவோம். எங்க லேப் கம்ப்யூட்டர்களும் விண்டோஸ் 7-தான், ஆட்டோகேட் 2020 இருந்தது. டீம் அனுப்பிய ஃபைல் ஒரே க்ளிக்கில் திறந்தது. ரெண்டு சாயங்காலம் உக்காந்து தொலைஞ்சதை மறுபடியும் வரைஞ்சேன். ரெவ்யூ நல்லபடியா முடிஞ்சது.

"என்கிட்ட விண்டோஸ் 10 இருக்கு, எனக்கென்ன" என்று நினைக்காதீங்க. அதற்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. இன்னும் சில வருஷத்துல அதே பெட்டி உங்க திரையிலயும் வரும். அப்போ செட்டப்போட சண்டை போடுறதுக்கு முன்னாடி, அந்த அண்ணா கேட்ட கேள்வியை உங்ககிட்ட நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்க.