காற்றுக்கும் எடை உண்டு

ஆந்திராவில் திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீ சிட்டி என்ற தொழில் நகரம் இருக்கிறது. அதன் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அதையும் தாண்டினால் வங்கக் கடல். இந்தப் பக்கம் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் பலர்.

"காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்." வானொலியில் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காற்றழுத்தம் என்றால் என்ன?

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். அதன்மேல் ஒரு தபால் அட்டையை வையுங்கள். அட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு டம்ளரைத் தலைகீழாகக் கவிழுங்கள். கையை மெல்ல எடுங்கள். தண்ணீர் கொட்டாது. ஏன்? காற்று அட்டையைக் கீழே இருந்து மேலே தள்ளுகிறது.

நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறது. அதற்கும் எடை உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் காற்று சுமார் 1 கிலோ எடை போல அழுத்துகிறது. நம் உடம்புக்குள்ளும் அதே அழுத்தம் இருக்கிறது. அதனால் நமக்குப் பாரம் தெரிவதில்லை.

எப்படி அளப்பது?

இத்தாலி நாட்டு அறிஞர் டாரிசெல்லி இதற்கு வழி கண்டார். 1644ஆம் ஆண்டில் அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஒரு முனை மூடிய நீளக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பப்பட்டது. பாதரசம் உள்ள கிண்ணத்தில் குழாய் கவிழ்க்கப்பட்டது. குழாயில் பாதரசம் கொஞ்சம் இறங்கி, சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. கிண்ணத்தின்மேல் காற்று அழுத்தியதே காரணம். இந்தக் கருவியின் பெயர் பாரமானி. பாதரசம் நஞ்சு. இதை வீட்டில் செய்யாதீர்கள்.

பாரமானியும் புயலும்

காற்றழுத்தம் குறைந்தால் பாரமானியில் பாதரசம் இறங்கும். கடும் புயலின் நடுவில் 72 சென்டிமீட்டருக்கும் கீழே போவது உண்டு. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலும் உள்ள காற்று வேகமாகப் பாய்கிறது. அதுவே புயற்காற்று.

1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமைப் பகுதியைப் புயல் தாக்கியது. கடல் நீர் ஊர்களுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் இறந்தார்கள்.

இன்று செயற்கைக்கோள்களும் புயலைக் கண்காணிக்கின்றன. ஆனாலும் காற்றழுத்தத்தை அளப்பது நிற்கவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகைக் கரையிலேயே கட்டுங்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கருவி காட்டிவிடும்.

பதில் சொல்லுங்கள்

1. டம்ளரில் இருந்த தண்ணீர் ஏன் கொட்டவில்லை?
2. காற்றழுத்தம் குறைந்தால் பாரமானியில் பாதரசம் ஏறுமா, இறங்குமா?
3. உங்கள் ஊரில் புயல் எச்சரிக்கையை எப்படித் தெரிவிக்கிறார்கள்?