பாலத்தின் அசைவும் கைபேசிப் படக்கருவியும்

சித்தூருக்கு மேற்கே, பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பங்காருபாளையம் மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்றது. ஜூன், ஜூலைத் திங்கள்களில் மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சுற்றுப்புறத்துச் சிறு பாலங்களைக் கடந்தே சந்தையை அடைகின்றன. பருவமழைக் காலத்தில் அதே பாலங்களின் தூண்களை ஓடை நீர் அரிக்கிறது. சுமை மேலிருந்தும் அரிப்பு கீழிருந்தும் பாலத்தைச் சோதிக்கின்றன எனலாம்.

அரிப்பின் கடுமையை 2021ஆம் ஆண்டு உணர்த்தியது. சித்தூர் மாவட்டத்திலிருந்து இறங்கிவரும் பொன்னையாற்றின் மீது, முகுந்தராயபுரத்திற்கும் திருவலத்திற்கும் இடையேயுள்ள ரயில் பாலத்தின் தூண்களில் வெள்ளத்திற்குப் பின் பழுது காணப்பட்டது. டிசம்பர் 23 அன்று போக்குவரத்து நிறுத்தப்பட்டுப் பல ரயில்கள் ரத்தாயின. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அசைவை அறியும் உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. 2022 டிசம்பரில் அதன்மீது ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஆயின், ஊராட்சிச் சாலையின் ஒவ்வொரு சிறு பாலத்திற்கும் அத்தகைய கருவிகளைப் பொருத்துவது செலவு மிக்கது. இங்குதான் கைபேசியின் படக்கருவி கருதத்தக்கதாகிறது.

இம்முறையின் தத்துவம் எளிது. பாலத்தின் அடிப்புறத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட குறி ஒன்றை ஒட்டி, லாரி கடக்கும்போது அதைக் காணொளியாகப் பதிவு செய்கின்றனர். குறி எத்தனை படப்புள்ளிகள் நகர்ந்தது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. குறியின் உண்மை அளவு தெரிந்திருப்பதால் புள்ளிகளை மில்லிமீட்டராக மாற்றிவிடலாம்.

படக்கருவியை எங்கே நிறுத்துவது என்பதே முக்கியம். படத்தின் அகலம் 3,840 புள்ளிகள் எனக் கொள்வோம். 2 மீட்டர் அகலக் காட்சியில் ஒரு புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நல்ல ஒளியில் புள்ளியின் பத்தில் ஒரு பங்கையும் கணித்தறிய இயலும். 20 மீட்டருக்கு அப்பாலிருந்து சாதாரண வில்லையில் எடுத்தாலோ ஒரு புள்ளி 7 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருகிவிடும். சிறு பாலம் சுமையின்கீழ் வளைவது பெரும்பாலும் சில மில்லிமீட்டரே. ஆகவே குறிக்கு அருகே செல்ல வேண்டும், அல்லது தொலைநோக்கு வில்லை வேண்டும். திரையில் படத்தைப் பெரிதாக்குவது பயன் தராது. அது புள்ளிகளைப் பெருக்குமேயன்றி விவரத்தைப் பெருக்காது.

கைபேசியைக் கையில் பிடித்து எடுத்த படம் கையின் நடுக்கத்தையே அளக்கும்! முக்காலி இன்றியமையாதது. நடுக்கத்தைத் திருத்தும் வசதியையும் தானியங்கிக் குவியத்தையும் நிறுத்திவிட வேண்டும். அசையாத பாறை போன்ற ஒரு பொருளும் படச்சட்டத்திற்குள் இருப்பின், முக்காலியின் அசைவைக் கழித்துவிடலாம். நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் கருவி நொடிக்கு 15 முறைக்குக் குறைந்த அதிர்வுகளையே சரியாகக் காட்டும். பெரும்பாலான பாலங்களின் முதன்மை அதிர்வுக்கு இது போதும்.

நீருக்கடியில் நிகழும் அரிப்பைப் படக்கருவி காணாது. அடிமண் அகன்ற தூணின் இயல்பு அதிர்வெண் குறையும் என்பது உண்மை. ஜப்பானிய ரயில்வேயில் தூணைக் கனத்த எடையால் இடித்து அதனை அளக்கின்றனர். ஆனால் அவ்வதிர்வு மிக நுண்ணியது. கைபேசிக்கு எட்டுவது அரிது. தூண் சாய்வதை அறிய, ஒரே இடத்தில் நிறுத்திய படக்கருவியால் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிடலாம். வெயிலாலும் பாலம் நீண்டு சுருங்குமாதலால், படத்துடன் நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்துவைப்பது அவசியம். அடித்தளத்தைப் பொறுத்தவரை, வெள்ளம் வடிந்தபின் பொறியாளர் ஆற்றில் இறங்கி ஆழம் பார்க்கவே வேண்டும்.