டிக்கெட் நேரத்தை நம்பாதே, வாசலுக்கு வாசல் கணக்குப் போடு!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், நம்ம திருவண்ணாமலைப் பக்கத்துத் தங்கச்சிகளே, இது உங்களுக்குத்தான். "மதுரையில ஏறினா ஒண்ணேகால் மணி நேரத்துல சென்னைதானேக்கா"ன்னு கிளம்பிடாதீங்க. டிக்கெட்ல இருக்கிறது விமானத்தோட நேரம். வீட்டைப் பூட்டுறதுல இருந்து போற வீட்டுல செருப்பைக் கழற்றுற வரைக்கும்தான் உன் நேரம்.

1. ஊரைச் சரியாத் தட்டு. நம்ம திருவண்ணாமலை, சீனிவாசப் பெருமாள் இருக்கிற தென்திருப்பதி. செல்போன் மேப்ல மொட்டையா 'திருவண்ணாமலை'ன்னு போட்டா அண்ணாமலையார் ஊருக்கு இழுத்துட்டுப் போயிடும். ரெண்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 400 கி.மீ. வெளியூர் சொந்தக்காரங்களுக்கு வழி சொல்லும்போது 'ஸ்ரீவில்லிபுத்தூர்'னு சேர்த்துச் சொல்லு.

2. மதுரை ஊருக்குள்ள நுழையாதே. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து விமான நிலையம் சுமார் 75 கி.மீ., ராஜபாளையம்னா இன்னும் 11 கூட்டிக்கோ. கார்ல போனாலும் ரெண்டு மணி நேரம் ஒதுக்கு. திருமங்கலம் தாண்டி கப்பலூர்ல ரிங் ரோட்டைப் பிடி. பஸ்ஸுன்னா திருமங்கலத்துலயே இறங்கி ஆட்டோ பிடி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றது வெட்டி அலைச்சல்.

3. கவுன்ட்டர் உனக்காகக் காத்திருக்காது. புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிடுவாங்க. வெப் செக்-இன்னை முதல் நாளே முடி. ஒன்றரை மணி நேரம் முன்னாடி அங்க நில்லு.

4. பஞ்சாங்கத்தையும் பாரு. புரட்டாசி சனிக்கிழமைன்னா தென்திருப்பதிக் கூட்டம், ஆடிப்பூரம்னா ஆண்டாள் தேர். அன்னைக்கு அரை மணி, முக்கால் மணி முன்னாடியே கிளம்பு.

5. மூட்டையைக் குறை. உள்நாட்டு விமானத்துல பொதுவா கைப்பைக்கு 7 கிலோ, பெரிய பெட்டிக்கு 15 கிலோ. வீட்டுலயே நிறுத்துப் பாரு. பால்கோவாவை இறுக்கமான டப்பாவுல போட்டுப் பெட்டிக்குள்ள வை. ஊறுகாயும் பெட்டியிலதான். கோவில் தேங்காயைக் கைப்பையில வைக்காதே, சோதனையில எடுத்துடுவாங்க. கொப்பரையை எதுலயும் விடமாட்டாங்க.

6. இப்பக் கூட்டிப் பாரு. ரோட்டுல 2 மணி, காத்திருப்பு ஒன்றரை, விமானம் ஒண்ணேகால், சென்னையில பெட்டி எடுக்க அரை மணி, வீடு போய்ச் சேர ஒண்ணேகால். ஆறரை மணி நேரம் ஆச்சா? பகல்ல பாதி போச்சு! அதுக்குப் பதிலா பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில்ல சாயங்காலம் ஏறிப் படுத்தா விடியக்காலை எழும்பூர். நேரம் கூடத்தான், ஆனா அது தூங்குற நேரம்.

7. கிரிவலத்துக்கு விமானம் வேண்டாம். அந்தத் திருவண்ணாமலையிலயும் விமான நிலையம் கிடையாது. சென்னையில இறங்கினா மறுபடி நாலு மணி நேரம் ரோட்டுல வரணும். அதே பொதிகையில விழுப்புரத்துல இறங்கு. அங்கிருந்து பஸ்ல அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

ஆஸ்பத்திரி அவசரம், அன்னைக்கே முடிக்க வேண்டிய வேலைன்னா பற, தப்பே இல்ல. கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுட்டு நிம்மதியாத் தூங்கிப் போ.