சன்னல் வழியே வந்த ஒளி

நுழையும்முன்

திரைப்படத்தில் நடிகரின் முகத்தைக் காண்கிறோம், உரையாடலைக் கேட்கிறோம். அம்முகத்தின்மீது விழும் ஒளி எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வொளியையே கலையாக்கியவர் பாலு மகேந்திரா.

இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் பாலு மகேந்திரா. பள்ளிச் சுற்றுலாவின்போது, ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் இலங்கையில் நடத்திய படப்பிடிப்பைக் கண்டார். இயக்குநர் ‘மழை’ என்று குரல் கொடுத்ததும் மழை பொழிந்தது. அந்த வியப்பே அச்சிறுவனைத் திரைக்கலையின்பால் ஈர்த்தது. பின்னர், பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, 1969இல் தங்கப்பதக்கம் பெற்றார். ‘நெல்லு’ (1974) என்னும் மலையாளப் படத்தின் ஒளிப்பதிவுக்காகக் கேரள அரசின் விருது அவருக்குக் கிடைத்தது.

அக்காலப் படச்சுருள்கள் ஒளியை உணரும் திறன் குறைந்தவை. எனவே, பெரிய விளக்குகளால் நாற்புறமும் வெளிச்சம் பாய்ச்சுவது படப்பிடிப்புத் தளங்களில் வழக்கமாக இருந்தது. அத்தகைய வெளிச்சத்தில் காலையும் மாலையும் ஒன்றுபோலவே தோன்றும். பாலு மகேந்திரா இயற்கை ஒளியை நாடினார். அறையில் ஒரு சன்னல் இருந்தால், ஒளி அதன் வழியே வரவேண்டும். மறுபுறம் நிழல் தங்கவேண்டும். அந்நிழலே பொழுதையும் மனநிலையையும் சொல்லாமல் சொல்லிவிடும். ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தின் மலைப்புறக் காட்சிகளில் இந்நுட்பத்தைக் காணலாம். ‘கோகிலா’ (1977), ‘மூன்றாம் பிறை’ (1982) ஆகியவை அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தன.

நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்வது ‘வீடு’ (1988). இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றையும் அவரே ஏற்றார். பாடல்களே இல்லாத அப்படத்திற்காக மெய்யாகவே ஒரு வீடு எழுப்பப்பட்டது. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும் அது பெற்றது. ஆயினும், அப்படத்தின் மூலப்படச்சுருள் பேணப்படாமல் அழிந்துபோனது. ஓலைச்சுவடிகள் கரையானுக்கு இரையானதை எண்ணி வருந்தும் தமிழ்ச் சமூகம், தன் கண்முன்னே ஒரு கலைச்செல்வத்தை இழந்தது. திரைப்படங்களுக்கு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார்.

2007இல் திரைப்படப் பயிற்சிப் பட்டறையைத் தொடங்கி, தாம் கற்றதை இளையோருக்கு வழங்கினார். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். அவர் பதிவுசெய்த ஒளியைக் காப்பது அடுத்த தலைமுறையின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் வகுப்பறைச் சன்னல் வழியே வரும் ஒளி, காலை, நண்பகல், மாலை ஆகிய பொழுதுகளில் எவ்வாறு மாறுகிறது என்பதை உற்றுநோக்கி ஒரு பத்தி எழுதுக.